அம்மாவுக்கு 95-ஆ, 60-ஆ? மூன்று பிள்ளைகள், மூன்று மதிப்பெண்

#1 செந்தில்_காவிரிக்கரை | ஞாயிறு, இரவு 10.15

வணக்கம். இதை மருத்துவப் பகுதியில் போடுவதா, குடும்பப் பகுதியில் போடுவதா என்று தெரியவில்லை. இங்கேயே போடுகிறேன்.

அம்மாவுக்கு 76 வயது. தஞ்சாவூர் பக்கம் ஊரில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். அப்பா போய் நாலு வருடம். இரண்டு மாதத்துக்கு முன்னால் கொல்லையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து மூட்டில் பந்து போல இருக்கும் எலும்பு முனையை மாற்றினார்கள். இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். வீட்டோடு ஒரு பெண்மணியை வைத்திருக்கிறோம், இந்த மாதக் கடைசியோடு அவர் போய்விடுவார். அக்கா தஞ்சாவூரில் இருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து பார்க்கிறாள்.

டிஸ்சார்ஜ் தாளின் அடியில் "பார்த்தெல் 90/100" என்று ஒரு வரி இருந்தது. அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளும் திறனை அளக்கும் கணக்காம். அதை வைத்துத்தான் வீட்டில் சண்டை. கோயம்புத்தூர் அண்ணன், "நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியவரை எதற்கு இடம் மாற்ற வேண்டும், அவர் வீட்டிலேயே இருக்கட்டும்" என்கிறார். அக்கா, "அந்தத் தாளைத் தூக்கிப் போடு, அம்மாவை நான் என் வீட்டுக்கு அழைத்துப்போகிறேன்" என்கிறாள். அம்மா எங்கேயும் வர மாட்டேன் என்கிறார்.

சரி, நாமே போட்டுப் பார்க்கலாம் என்று அந்தப் படிவத்தைத் தேடி எடுத்து மூன்று பேரும் தனித்தனியாக நிரப்பினோம். அண்ணன் 95. அக்கா 60. நான் 75. அதே அம்மா, அதே வாரம்! பரீட்சைத் தாளை மூன்று வாத்தியார் திருத்தினால்கூட இவ்வளவு இடிக்காது. எதை நம்புவது? இதைப் பார்த்து அம்மா தனியாக இருக்கலாமா கூடாதா என்று முடிவு செய்ய முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பிசியோ_வைகை | ஞாயிறு, இரவு 11.40

செந்தில் சார், நான் 17 வருடமாக வீடு வீடாகப் போய் பிசியோதெரபி பார்ப்பவன். இந்த 95, 60 சண்டையைப் பல வீட்டில் பார்த்திருக்கிறேன். முதலில் இந்தக் கணக்கு எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் மேரிலாந்தில் ஃப்ளாரன்ஸ் மஹோனி என்ற டாக்டரும் டோரதியா பார்த்தெல் என்ற பிசியோதெரபிஸ்ட்டும் 1965-ல் வெளியிட்டது. மொத்தம் பத்து விஷயம். சாப்பிடுவது 10, குளிப்பது 5, முகம் கழுவித் தலைவாரிக்கொள்வது 5, உடுத்துவது 10, மலக்கட்டுப்பாடு 10, சிறுநீர்க் கட்டுப்பாடு 10, கழிப்பறை உபயோகம் 10, படுக்கையில் இருந்து நாற்காலிக்கு மாறுவது 15, நடப்பது 15, படி ஏறுவது 10. கூட்டினால் 100. எல்லாம் ஐந்து ஐந்தாகத்தான் ஏறும், இறங்கும். 92, 87 எல்லாம் இதில் வராது.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடும் இடம் இதுதான்: "உங்களால் முடியுமா?" என்று இதில் கேட்கக் கூடாது. "செய்கிறாரா?" என்றுதான் கேட்க வேண்டும். நிரப்புகிற முறையை 1988-ல் இன்னும் தெளிவாக எழுதி வைத்தார்கள். பொதுவாகக் கடந்த ஒன்றிரண்டு நாளில் உண்மையில் நடந்ததைப் பார்க்க வேண்டும். கைத்தடி, வாக்கர் உபயோகித்தால் குறைக்கக் கூடாது, அது தற்சார்புதான். ஆனால் பக்கத்தில் ஒருவர் "பார்த்து, பார்த்து" என்று சொல்லிக்கொண்டு நின்றாலே அது தற்சார்பு கிடையாது. கை வைத்துத் தாங்க வேண்டும் என்றில்லை, மேற்பார்வை தேவைப்பட்டாலே மார்க் போய்விடும்.

உங்கள் அண்ணன் "முடியும்" என்பதற்கு மார்க் போட்டிருப்பார். அக்கா தன் பயத்துக்குப் போட்டிருப்பார். நீங்கள் நடுவில் ஒரு குத்துமதிப்பு. தப்பாக நினைக்காதீர்கள், எல்லா வீட்டிலும் இப்படித்தான்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இந்தக் கணக்கில் 100 வாங்கினாலும் ஒருவர் தனியாகக் குடித்தனம் நடத்த முடியும் என்று அர்த்தம் ஆகாது. இதை உருவாக்கிய இரண்டு பேருமே அந்த முதல் கட்டுரையில் எழுதிவிட்டார்கள். நூறு வாங்கியவருக்குச் சமைக்க வராமல் இருக்கலாம், வீட்டைப் பராமரிக்க முடியாமல் இருக்கலாம், கூடவே ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளத் தேவையில்லை, அவ்வளவுதான். அண்ணனிடம் இதைக் காட்டுங்கள்.

#3 குசும்பன்_77 | திங்கள், காலை 7.05

பெற்ற தாய்க்கு மார்க் போட்டுப் பார்க்கும் காலம் வந்தாச்சு. எங்கள் பாட்டி 92 வயது வரை இருந்தார். எந்த மேரிலாந்துக்காரனும் வந்து அளக்கவில்லை.

#4 பிசியோ_வைகை | திங்கள், காலை 7.30

பாட்டியின் கடைசி நாலைந்து வருடம் யார் குளிப்பாட்டினார்கள்?

#5 குசும்பன்_77 | திங்கள், காலை 7.42

சித்தி.

#6 பிசியோ_வைகை | திங்கள், காலை 7.44

சித்தியிடம் எத்தனை மார்க் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

#7 மீனா_சிங்கை | திங்கள், பிற்பகல் 1.20

செந்தில் அண்ணா, உங்கள் வீட்டில் இது சண்டைக்கு மட்டும்தான். இங்கே சிங்கப்பூரில் இதுபோன்ற கணக்கில் பணமே இருக்கிறது. நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டில் ஆறு விஷயம் பார்ப்பார்கள்: குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறை, நடமாட்டம், படுக்கையில் இருந்து நாற்காலிக்கு மாறுவது. ஆறில் மூன்றையாவது இன்னொருவர் உதவி இல்லாமல் செய்ய முடியாது என்றால்தான் மாதப் பணம். 2002-ல் வந்த எல்டர்ஷீல்டிலும் இதே மூன்றுதான், 2020-ல் வந்த கேர்ஷீல்ட் லைஃபிலும் இதே மூன்றுதான். கேர்ஷீல்ட் 600 வெள்ளியில் தொடங்கியது. பழைய எல்டர்ஷீல்டில் என் அப்பா மாதிரி ஆட்களுக்கு 400 வெள்ளி, அதிகபட்சம் 72 மாதம்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. மதிப்பீடு செய்பவர் வீட்டுக்கு வருகிறார் என்றதும் அப்பா என்ன செய்தார் தெரியுமா? காலையிலேயே அம்மாவை எழுப்பி ஷேவ் செய்துகொண்டார், தீபாவளிக்கு எடுத்த சட்டையைப் போடச் சொன்னார், விபூதி பூசிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "குளிக்க யாராவது உதவுகிறார்களா?" "நோ நோ, ஐ மேனேஜ்." "சட்டை?" "நானேதான்." அம்மா பின்னால் நின்று தலையில் அடித்துக்கொள்கிறார். நாற்பது வருடம் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். முன்பின் தெரியாத ஒரு சின்னப் பெண்ணிடம் "என்னை என் பெண்டாட்டி குளிப்பாட்டுகிறாள்" என்று எப்படிச் சொல்வார்?

நல்லவேளை அந்தப் பெண் விவரமானவர். "அங்கிள், இந்தச் சட்டையைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக் காட்டுங்கள்" என்றார். இரண்டாவது பொத்தானிலேயே அப்பாவின் முகம் மாறிவிட்டது. எனக்குப் பார்க்கவே முடியவில்லை, சமையலறைக்குப் போய்விட்டேன்.

பணம் வந்தது. ஆனால் அப்பா இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை.

#8 களப்பணி_கலா | திங்கள், மாலை 6.10

மீனா சொன்னதைப் படித்ததும் எனக்குப் பழைய நினைவு. நான் பல வருடம் முதியோர் கணக்கெடுப்புகளில் கேள்வி கேட்கும் வேலை பார்த்தேன். வாசலில் உட்கார்ந்து கேட்டால் ஒரு பதில், மருமகள் காபி கொண்டுவரும்போது வேறு பதில்.

பார்த்தெலுக்கு முன்னாலேயே 1963-ல் சிட்னி காட்ஸ் என்ற டாக்டர் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஆறு விஷயத்தை வைத்து ஒரு அளவுகோல் கொடுத்தார். மீனா சொன்ன ஆறும் ஏறக்குறைய அதன் வாரிசுதான், காட்ஸில் நடமாட்டத்துக்குப் பதில் மலஜலக் கட்டுப்பாடு இருக்கும். செந்தில் சாருக்கு இது சுவாரசியமாக இருக்கும்: காட்ஸ் ஆரம்பத்தில் கவனித்தவர்கள் உங்கள் அம்மா மாதிரி இடுப்பெலும்பு முறிந்தவர்கள். இந்தத் திறன்கள் கண்டபடி போவதில்லை, பெரும்பாலும் ஒரு வரிசையில் போகின்றன என்று அவர் கண்டுகொண்டார். முதலில் கையை விட்டுப் போவது குளியல். கடைசி வரை நிற்பது தானே எடுத்துச் சாப்பிடுவது. தேறி வரும்போது தலைகீழ், சாப்பாடு முதலில், குளியல் கடைசியில். குழந்தை கற்றுக்கொள்ளும் வரிசையும் கிட்டத்தட்ட அதுதானே. அதனால் யார் வீட்டிலாவது "அம்மா நன்றாகத்தான் இருக்கிறார்" என்றால் நான் குளியலைப் பற்றித்தான் முதலில் கேட்பேன்.

அப்புறம், இந்தப் பத்தும் ஆறும் உடம்பை நடத்துவது பற்றி. வீட்டை நடத்துவது வேறு கணக்கு. 1969-ல் லாட்டன், பிராடி இரண்டு பேரும் ஃபிலடெல்ஃபியாவில் எட்டு விஷயம் போட்டார்கள்: போன் பேசுவது, கடைக்குப் போவது, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது, வெளியே பயணம், மாத்திரையை நேரத்துக்குப் போடுவது, பணத்தைக் கையாள்வது. தனியாக இருக்கலாமா என்ற கேள்விக்கு இந்த எட்டுதான் அதிகம் உதவும். மறதி ஆரம்பிக்கும்போது முதலில் ஆட்டம் காண்பதும் பெரும்பாலும் இங்கேதான், பணமும் மாத்திரையும்.

இதில் ஒரு வேடிக்கை. ரொம்ப நாள் பெண்களுக்கு எட்டும், ஆண்களுக்கு ஐந்தும்தான் கணக்கு. சமையல், வீட்டு வேலை, துவைப்பது மூன்றையும் ஆண்களுக்கு விட்டுவிடுவார்கள். நம் ஊர் என்று நினைத்துவிடாதீர்கள், அமெரிக்காவில்தான்! ஒரு கிராமத்தில் 80 வயதுப் பெரியவரிடம் "சமைக்க முடியுமா?" என்று கேட்டேன். "எனக்கு என்ன வந்தது சமைக்க?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். முடியாதா, பழக்கமில்லையா, இஷ்டமில்லையா? மூன்றுக்கும் படிவத்தில் ஒரே கட்டம்தான். பாட்டிகளிடம் பாங்கு வேலை கேட்டாலும் இதே கதை. அவர்கள் பாங்கு வாசலையே மிதித்திருக்க மாட்டார்கள், அதை "திறன் இழப்பு" என்று எழுதினால் அநியாயம் இல்லையா?

2017-18-ல் இந்தியா முழுக்க 45 வயதுக்கு மேற்பட்டவர்கள், அவர்களுடைய துணைவர்கள் என்று 72,000-க்கும் அதிகமானவர்களிடம் லாசி என்ற பெரிய ஆய்வு நடந்தது. அதில் மூன்று மாதத்துக்குள் சரியாகிவிடும் சிரமத்தைச் சேர்க்காதீர்கள் என்று சொல்லித்தான் கேட்பார்கள். அப்படிப் பார்த்தால் உங்கள் அம்மாவின் இன்றைய நிலையை நிரந்தரம் என்று இப்போதே எழுதிவிட முடியாது. இடுப்பு ஆபரேஷனுக்கு இரண்டு மாதம் ஒன்றுமே இல்லை.

ஹரியானாவில் பல்லப்கட் கிராமங்களுக்காக 1990-களில் தனியாக ஒரு பட்டியல் செய்தார்கள். எழுதப்படிக்கத் தெரியாத முதியவர்கள்தான் அங்கே அதிகம். செக் புத்தகம், டெலிபோன் எல்லாம் எடுபடாது. அதனால் பண்டிகை நினைவிருக்கிறதா, ஊருக்குள் வழி தவறுகிறாரா, வீட்டில் கல்யாணப் பேச்சு வந்தால் கருத்துச் சொல்கிறாரா என்று கேட்டார்கள். அதையும் கூட இருப்பவரிடம் கேட்பார்கள். எனக்குப் பிடித்த பட்டியல் அது.

#9 செந்தில்_காவிரிக்கரை | திங்கள், இரவு 9.50

எல்லோருக்கும் நன்றி. கலா மேடம் சொன்ன எட்டையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். போன் பேசுவார், மாத்திரை டப்பாவில் நாள்வாரியாகச் சரியாக எடுப்பார். பணம் அப்பா இருக்கும்வரை அப்பா, இப்போது நான் போனில் அனுப்புகிறேன். சமையல் உட்கார்ந்து செய்கிறார், குக்கரை இறக்குவதற்கு மட்டும் ஆள். கடை, துணி இரண்டும் இல்லை.

இடையில் ஒரு கேள்வி: இந்தப் பார்த்தெல் மதிப்பெண்ணை வைத்து மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கலாமா? அண்ணன் கேட்கச் சொன்னார்.

#10 பிசியோ_வைகை | திங்கள், இரவு 10.20

முடியாது சார். அது 2016 சட்டப்படி தனி மதிப்பீடு, சதவீதக் கணக்கு. இரண்டையும் குழப்பாதீர்கள்.

ஒரு வாரம் நோட்டுப் போடுங்கள். கருத்து எழுத வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள். "செவ்வாய் காலை குளியல். யார் எங்கே நின்றார்கள்." அந்த மாதிரி. அப்புறம் இன்னொன்று, கையோடு ஒரு சின்னப் பரீட்சை. கை வைத்த நாற்காலி ஒன்று போட்டு, அங்கிருந்து மூன்று மீட்டர் தள்ளித் தரையில் சாக்பீஸ் கோடு. அம்மா எழுந்து வழக்கமான வேகத்தில் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். வாக்கர் பிடிக்கலாம். ஒரு தடவை ஒத்திகை, அடுத்தது போனில் நேரம் பாருங்கள். 1991-ல் இருந்து இது இருக்கிறது. அமெரிக்காவில் 12 விநாடியோ மேலேயோ ஆனால் விழும் அபாயம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆபரேஷன் ஆன புதிதில் எல்லோருக்கும் அதற்கு மேல்தான் வரும், பயப்படாதீர்கள். பக்கத்திலேயே ஒரு ஆள் நில்லுங்கள்.

#11 பாரதி_டீச்சர் | செவ்வாய், காலை 5.50

எனக்கு 81 முடிந்துவிட்டது. இந்தத் தளத்தில் பெரும்பாலும் சமையல் பகுதியில்தான் இருப்பேன். நேற்று ராத்திரி தூக்கம் வராமல் இந்த இழையை முழுக்கப் படித்தேன்.

செந்தில் தம்பி, அண்ணன் போட்டார் 95, அக்கா போட்டார் 60, நீங்கள் போட்டீர்கள் 75. ஆஸ்பத்திரியில் போட்டது 90. அம்மா எத்தனை போட்டார்?

எனக்கும் இரண்டு வருடத்துக்கு முன் இப்படி ஒருவர் வந்து கேட்டார். கேள்வியை என் மகனைப் பார்த்துக் கேட்டார். "அம்மா தானாகச் சாப்பிடுவாரா?" நான் அங்கேயே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்!

எனக்கு மாடிப்படி ஏற முடியும். ஆனால் ஏறுவதில்லை. ஏறினால் மருமகளுக்கு மனசு பதறுகிறது, அவள் பின்னாலேயே ஓடி வருகிறாள், அவளுக்கும் மூட்டுவலி. அதனால் விட்டுவிட்டேன். உங்கள் கணக்கில் எனக்கு அங்கே சுழியம். அந்தச் சுழியம் யாருடைய முழங்காலுக்கு?

#12 பிசியோ_வைகை | செவ்வாய், காலை 8.15

டீச்சரம்மா, கும்பிடுகிறேன். "செய்கிறாரா" என்று கேட்பதில் இருக்கும் ஓட்டை அதுதான். பயந்த வீட்டில் பெரியவர்கள் செய்வதை நிறுத்திவிடுகிறார்கள், மார்க் இறங்குகிறது, இறங்கிய மார்க்கைப் பார்த்து வீடு இன்னும் பயப்படுகிறது. ஆறு மாதத்தில் தொடைச் சதை உண்மையிலேயே கரைந்துவிடும். அதனால்தான் நான் இரண்டையும் குறித்து வைப்பேன், முடிவது ஒரு பத்தி, செய்வது ஒரு பத்தி. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் எனக்கு வேலை அங்கேதான்.

நீங்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறலாமே. மருமகளுக்கு நான் வேண்டுமானால் எழுதுகிறேன்.

#13 பாரதி_டீச்சர் | செவ்வாய், காலை 8.40

அவளும் இந்தத் தளத்தில்தான் இருக்கிறாள். படித்திருப்பாள்.

#14 செந்தில்_காவிரிக்கரை | அடுத்த திங்கள், இரவு 9.05

ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு ஊரில் இருந்தேன். டீச்சரம்மா சொன்னபடி முதல் வேலையாக அம்மாவிடமே தாளைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்து 85 போட்டார். கூட்டலையும் அவரே செய்தார். மூன்று பிள்ளைகளில் ஒருவர்கூட அந்த எண்ணைத் தொடவில்லை.

நோட்டில் இருந்து சிலது:

குளியல். அம்மா தானே போய், பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, தானே சொம்பில் மொண்டு ஊற்றிக் குளிக்கிறார். அண்ணன் பார்த்தது இதைத்தான். ஆனால் வீட்டில் இருக்கும் அந்தப் பெண்மணி கதவுக்கு வெளியே முக்காலி போட்டு உட்காரும்வரை அம்மா உள்ளே போவதே இல்லை. ஏழு நாளும். புதன்கிழமை அவர் பால் வாங்கப் போய் வர நேரமானது, அம்மா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். "ஏம்மா?" என்றால் "தண்ணி இன்னும் சுடலை" என்கிறார். சுட்டுப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

உடுத்துவது. நைட்டியைத் தானே போட்டுக்கொள்கிறார். ஆனால் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு என்று புடவை எடுத்தபோது, குனிந்து கொசுவத்தின் கீழ் மடிப்பைச் சரிசெய்ய முடியவில்லை. இடுப்பை அவ்வளவு வளைக்கக் கூடாது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். அக்காதான் தரையில் உட்கார்ந்து மடிப்பை இழுத்துவிட்டாள். நாற்பது வருடம் புடவை மட்டுமே கட்டியவருக்கு நைட்டியை வைத்து மார்க் போடுவதா, புடவையை வைத்தா?

அப்புறம் ராத்திரி. இதுதான் எனக்குத் தெரியாமலே இருந்தது. அம்மா படுக்கும் அறையில் இருந்து கழிப்பறை கொல்லையில் இருக்கிறது. தாழ்வாரத்தைத் தாண்டி, இரண்டு படி இறங்கி, பதினைந்து பதினாறு எட்டு. வாக்கரோடு இரண்டு மணிக்குப் போவதற்குள் இரண்டு நாள் தாங்கவில்லை. விடிவதற்கு முன் விரிப்பை உருவி வாளியில் ஊறப் போட்டுவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தார். அக்கா சிறுநீர்க் கட்டுப்பாட்டில் ஐந்து குறைத்ததற்குக் காரணம் இதுதான். அண்ணனும் நானும் முழு மார்க் போட்டிருந்தோம். அம்மாவும்.

நாற்காலிப் பரீட்சை 24 விநாடி.

#15 பாரதி_டீச்சர் | அடுத்த திங்கள், இரவு 9.30

தம்பி, ராத்திரி விஷயத்தை எழுதப்போவதாக அம்மாவிடம் சொன்னீர்களா?

#16 செந்தில்_காவிரிக்கரை | அடுத்த திங்கள், இரவு 9.48

சொல்லவில்லை அம்மா. தப்புதான். புனைபெயர்தானே, ஊர்ப் பெயரும் போடவில்லையே என்று எழுதிவிட்டேன். நாளைக் காலை கேட்கிறேன். வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன்.

#17 பிசியோ_வைகை | செவ்வாய், காலை 6.55

நோட்டு அருமை. இந்த அளவுக்கு எனக்கு எழுதித் தருகிறவர்கள் குறைவு. நான் போட்டால் இப்படித்தான் போடுவேன்: குளியல் 0, வெளியே ஆள் உட்கார வேண்டியிருக்கிறதே. உடுத்துவது 5, அவர் கட்ட விரும்புவது புடவை, அதையே எடுத்துக்கொள்கிறேன். சிறுநீர் 5. படி 5. மீதி எல்லாம் முழுசு. மொத்தம் 80. ஆஸ்பத்திரி போட்ட 90-ம் பொய் கிடையாது. அங்கே கைப்பிடி இருந்திருக்கும், வழுக்காத தரை இருந்திருக்கும், கழிப்பறை கட்டிலுக்கு நாலு எட்டில் இருந்திருக்கும். அந்தக் கட்டடத்தில் உங்கள் அம்மாவுக்கு 90, உங்கள் வீட்டில் 80.

உலக சுகாதார நிறுவனம் 2015 அறிக்கையில் இதைத்தான் பிரித்துச் சொன்னது. உடம்பிலும் மனதிலும் இருக்கும் சரக்கு ஒன்று, அதைச் சுற்றியுள்ள வீடு, ஆட்கள், தெரு ஒன்று. இரண்டும் சேர்ந்துதான் ஒருவரால் என்ன முடிகிறது என்பது. உங்கள் நோட்டிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. ராத்திரிப் பிரச்சினை உங்கள் அம்மாவின் சிறுநீர்ப்பையிலா, கொல்லையிலா? முதலில் கொல்லையைச் சந்தேகப்படுங்கள். கமோடு நாற்காலி ஒன்று வாங்கிக் கட்டில் பக்கத்தில் போடுங்கள், ராத்திரிக்கு ஒரு சின்ன விளக்கு. இரண்டு வாரம் பாருங்கள். அப்போதும் நிற்கவில்லை என்றால் சிறுநீர்ச் சோதனை, சர்க்கரை, இரவில் போடும் மாத்திரைகள் எல்லாம் டாக்டரிடம் பார்க்க வேண்டும்.

குளியலுக்குச் சுவரில் கைப்பிடி. துண்டு போடும் கம்பியைப் பிடிக்க விடாதீர்கள், அது ஆளைத் தாங்காது. தாழ்ப்பாளை வெளியில் இருந்தும் திறக்கிற மாதிரி மாற்றுங்கள். வீட்டுக்கே பிசியோ வேண்டுமென்றால் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிவு செய்து பாருங்கள்.

#18 மீனா_சிங்கை | செவ்வாய், காலை 9.10

"தண்ணி இன்னும் சுடலை" படித்துவிட்டு ஆபீசில் உட்கார்ந்து அழுதேன். எங்கள் அப்பாவின் "ஐ மேனேஜ்"தான் இது.

#19 குசும்பன்_77 | செவ்வாய், இரவு 8.20

சித்தியிடம் கேட்டேன். பாட்டிக்கு எத்தனை மார்க் என்று சொல்லவில்லை. "நீ எத்தனை தடவை வந்தாய் என்று கணக்குப் போடு" என்றார்.

#20 செந்தில்_காவிரிக்கரை | ஆறு வாரம் கழித்து, ஞாயிறு

இழையைத் தூசு தட்டுகிறேன். நிலவரம் கேட்டுப் பலர் தனிச்செய்தி அனுப்பியிருந்தீர்கள்.

முதலில், ராத்திரி விஷயத்தை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "யாராவது என்னை மாதிரி ஒளிச்சு வெச்சிருந்தா படிக்கட்டும், இருக்கட்டும்" என்றார். அதனால் எடுக்கவில்லை.

கமோடு நாற்காலியை முதல் மூன்று நாள் தொடவே இல்லை, படுக்கிற அறையில் அந்தச் சாமானா என்று. அக்கா அதன்மேல் பழைய புடவையில் ஒரு உறை தைத்துப் போட்டாள். பார்த்தால் சாதாரண நாற்காலி. அன்றைக்கு ராத்திரியில் இருந்து விரிப்பு நனையவில்லை. பிசியோ சார், அந்த ஐந்து மார்க் திரும்பி வந்துவிட்டது. அம்மா உடம்பில் ஒன்றும் மாறவில்லை, நாற்காலிதான் மாறியது.

குளியலுக்கு எதிர்வீட்டு அக்கா காலை ஏழு மணிக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து பூக்கட்டுகிறார். அவருக்கு மாதம் ஒரு தொகை கொடுக்கிறோம். "ஆள் இருக்கு" என்ற தைரியத்தில் அம்மா குளித்துவிடுகிறார். பார்த்தெல் கணக்கில் இது இன்னும் 0 என்று தெரியும். பரவாயில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். கடை, துணிக்கும் அவரே. அக்கா வாரம் இரண்டு நாள், நான் மாதம் ஒரு முறை. அண்ணன் கைப்பிடி, தாழ்ப்பாள், படிக்குச் சாய்வு எல்லாம் செலவு செய்து போட்டுக் கொடுத்தார். அம்மா ஊரிலேயே இருக்கிறார், மழைக்காலம் வரைக்கும் பார்க்கலாம் என்று பேசியிருக்கிறோம். அதற்கு அக்கா முழு மனதோடு சம்மதிக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்றைக்குக் காலை நாற்காலிப் பரீட்சை வைத்தோம். 24 விநாடி போய் 17 விநாடி! அம்மா இரண்டாவது தடவையும் செய்து காட்டுகிறேன் என்றார்.

#21 பிசியோ_வைகை | ஞாயிறு, இரவு 10.05

ரொம்ப சந்தோஷம் சார். ஒரே ஒரு சந்தேகம். இரண்டு தடவையும் ஒரே நாற்காலிதானே?

#22 செந்தில்_காவிரிக்கரை | ஞாயிறு, இரவு 10.12

ஐயோ. முதல் தடவை தாழ்வான பிளாஸ்டிக் நாற்காலி. இன்றைக்கு அப்பாவின் மர நாற்காலி, உயரம் அதிகம். ஏன், கணக்கு மாறுமா?

#23 பிசியோ_வைகை | ஞாயிறு, இரவு 10.15

மாறும். தாழ்வான நாற்காலியில் இருந்து எழுந்திருப்பதற்கே இரண்டு மூன்று விநாடி கூடப் போகும். நாளைக்குப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து அளந்து சொல்லுங்கள். சுவரோரமாகப் போடுங்கள், பின்னால் நகரக் கூடாது.

#24 செந்தில்_காவிரிக்கரை | திங்கள், காலை 8.30

20 விநாடி. 17 என்று அக்காவுக்கும் அண்ணனுக்கும் நேற்றே போன் போட்டுவிட்டார் அம்மா. இப்போது 20 என்று யார் சொல்வது என்று தெரியவில்லை.